ஏழாவது ஜெபக்குறிப்பு

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியைக்குத் தெரியாத சங்கதிகள் உண்டு. லேப் அண்ணனுக்குத் தெரியாதது கிடையாது. இதற்காக அவர் கதவிடுக்கில் காதை வைத்தவர் இல்லை. அந்தப் பழியை அவர்மேல் போடக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிற மனிதரின் எதிரில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை, அவ்வளவுதான். மேசை, ஸ்டூல், அலமாரி, லேப் அண்ணன் என்று அந்த அறையின் தட்டுமுட்டுச் சாமான்களோடு அவரையும் சேர்த்துவிட்டார்கள். சாமானுக்கு முன்னால் மனிதர்கள் எதையும் பேசுவார்கள்.

உத்தியோகப் பெயர் ஆய்வக உதவியாளர். காலை ஏழரைக்குச் சாவிக்கொத்தோடு வந்து வகுப்பறைகளைத் திறப்பது, அமிலத்தை அளவாகத் தண்ணீரில் கலந்து வைப்பது, செய்முறைத் தேர்வுக்கு வரும் உப்புகளைப் பொட்டலம் கட்டுவது, உடைந்த கண்ணாடிக் குழாயை உடைத்தது யார் என்று கண்டுபிடிக்காமல் இருப்பது ஆகியவை அவருடைய வேலைகள். பிள்ளைகளுக்கு அவர் அண்ணன். அதில் சில பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் அண்ணன். ஓய்வுபெறப் போகிற இயற்பியல் வாத்தியாருக்கும் அண்ணன். வீட்டில் மட்டும் ‘என்னங்க.’

அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. எந்தப் புட்டியும் லேபிள் இல்லாமல் நிற்கக் கூடாது. உள்ளே இருப்பது என்ன, செறிவு எவ்வளவு, கலந்த தேதி என்ன, மூன்றையும் எழுதி ஒட்டியாக வேண்டும். வெறும் தண்ணீர்ப் புட்டியிலும் ‘தண்ணீர்’ என்று ஒட்டியிருப்பார். அவர் கையில் இதுவரை ஒரு பிள்ளைக்கும் விரல் வெந்ததில்லை. சர்க்கரை டப்பாவிலாவது தேதி எழுதாமல் விட்டாரே என்று அவர் மனைவி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்டவரைத்தான் சபையில் அந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மாணவர்கள் தங்கள் தங்கள் பள்ளிக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு இயக்கம் தொடங்கியிருந்தது. நல்ல இயக்கம், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. போஸ்டரில்தான் கொஞ்சம் இடறியது: பள்ளிக் கட்டடத்தைவிடக் கூப்பிய கைகள் பெரிதாக இருந்தன. அது வரைந்தவரின் விசுவாசமா, அளவு தெரியாமையா என்று சொல்ல முடியவில்லை. பாஸ்டர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தினமும் மனமுவந்து பள்ளிக்கூடம் போகிறவர் சபையிலேயே லேப் அண்ணன் ஒருவர்தான் என்பது வெளிச்சமாகத் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை மாலை, சபைக்குப் பின்னாலிருந்த ஞாயிறு பள்ளி அறையில், பாலர் வகுப்பின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையை இடிக்கப் பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக ஜெபிக்கச் சொன்னார். “ஆண்டவரே எங்க ஸ்கூலை ஆசீர்வதியும் ஆமென்” என்று முதல் ஆள் ஒரே மூச்சில் முடித்தான். அடுத்தவனும் அதையே சொன்னான். பதினொரு பள்ளி ஜெபமும் ஒரு நிமிஷத்துக்குள் பரலோகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் தன் கொள்கையைப் பக்தித்துறைக்கு விரிவுபடுத்தினார். லேபிள் இல்லாத ஜெபம் லேபிள் இல்லாத புட்டி மாதிரி என்றார். பள்ளி என்றால் எந்தப் பள்ளி, அதில் எந்த வகுப்பு, அங்கே யாருக்கு என்ன குறை, எல்லாவற்றையும் குறிப்பாகச் சொல்லி ஜெபிக்க வேண்டும். அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தார்கள். மாணவிகள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒன்று. ஒரு பையனோடு வகுப்பில் யாருமே பேசுவதில்லை என்று ஒன்று. படிக்காமல் பாஸாக வேண்டும் என்று நான்கு. பத்தே நாளில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நடுவே அண்ணன் மூன்று தடவை ஆபீசுக்கு நடந்து எழுதிக் கொடுத்ததை அவர் சொல்லவில்லை. ஆண்டவர் புகழில் பங்கு கேட்கக் கூடாது என்ற அடக்கம். யாரும் பேசாத பையனோடு ஒரு பெண் போய்ப் பேசினாள். அவளுக்குப் பள்ளியிலும் சபையிலும் ஒரே பட்டப்பெயர், முதல் பெஞ்சு. இரண்டு இடத்திலும் அவள் உட்காரும் இடம் அதுதான். சொன்னதைச் சொன்னபடி நம்புகிற ஜாதி. அண்ணன் வேலை பார்க்கும் பள்ளியில் பத்தாம் வகுப்பு.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. இங்கேயே அண்ணன் நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

குறிப்புகளை அவர் ஒரு தாளில் தொகுத்து, வாரம் ஏழு என்று எண்ணிட்டு, நகல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தலைப்பில் ‘அந்தரங்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, போகப்போக நாற்பது பிரதிகள். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் முதல் வாசகர். தாழ்ப்பாள், மின்விசிறி எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டன; குறிப்புகள் கதவிலிருந்து மனிதர்களுக்கு வந்தன. விளையாட்டு வாத்தியாரின் வாய், நூலகரின் தூக்கம், தலைமையாசிரியையின் கடினமான இருதயம். பிள்ளைகள் தருவது போதாத வாரங்களில் அண்ணன் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து ஈடுகட்டினார். கையிருப்புக்கு அவருக்கு என்ன குறை?

கூட்டம் வளர்ந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களின் கதையும் வந்தது. சபைப் பெண்கள் கூடும் பெண்கள் ஐக்கியத்தில் ஐந்து தாள் கூடுதலாகக் கேட்டார்கள். ‘ஜெபிக்கத்தான் சொல்றேன்’ என்ற இரண்டு வார்த்தையை முன்னால் வைத்துவிட்டால் எதையும் யாரிடமும் சொல்லலாம் என்பது அந்தச் சபையில் எழுதப்படாத சட்டமாயிற்று. அப்படிச் சொல்லிவிட்டால் அது புறணி ஆகாது; ஜெப பாரம். பாரம் சுமக்கிறவர்களின் முகத்தில் அத்தனை சுறுசுறுப்பை அதற்கு முன் பாஸ்டர் பார்த்ததில்லை.

கணக்கு டீச்சர் அந்தச் சபை இல்லை. எந்தச் சபையும் இல்லை. மேல்வகுப்புகளுக்கு அவர் ஒருவர்தான் கணக்கு. ஆசிரியர் அறையில் சத்தம் அதிகம் என்று மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்து, ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து தாள் திருத்துவார். வருஷக்கணக்காக இருவருக்கும் அதிகம் பேச்சில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசினார். கணவர் வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாக எல்லாரிடமும் சொல்லியிருப்பது பொய். நாலு மாசத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறார். மாமியார் வீட்டுக்கும் தெரியாது, தன் அம்மாவுக்கும் தெரியாது.

“உங்களுக்கு மட்டும்தான்ணா தெரியும்” என்றார்.

அண்ணன் தண்ணீரை நிறுத்தினார். திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பட்டது. அவருக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. அதில் சந்தேகம் வேண்டாம். “நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன் டீச்சர்” என்றார். டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத் தாள்களைத் திருத்தினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாள் தயாரிக்கும்போது ஆறு குறிப்புகள்தான் இருந்தன. ஏழு வேண்டும். அண்ணன் பேனாவைக் கடித்தார், கூரையைப் பார்த்தார், பிறகு எழுதினார்: ‘நம் பள்ளியின் கணித ஆசிரியை. நான்கு மாதமாக வீட்டைவிட்டுப் போயிருக்கும் கணவர் மனந்திரும்பி வர.’ படித்துப் பார்த்த மனைவி நெற்றியைச் சுருக்கினார்.

“இது அவங்க போடச் சொன்னாங்களா?”

“பேரு போடலையே.”

“உங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர் எத்தனை பேரு?”

“ஆண்டவருக்குக் குறிப்பாத் தெரியணுமில்ல” என்றார் அண்ணன். நாலு மாதத்தில் எல்லாம் அறிந்தவருக்கு அந்த விவரம் மட்டும் எப்படித் தப்பியிருக்கும் என்று மனைவி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை ஏழாவது குறிப்பை வாசித்தபோது அறையில் அப்படி ஒரு அமைதி. இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். நாற்பது பேரும் சொன்ன ஆமென் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. கூட்டம் வெகு ஆசீர்வாதமாக இருந்தது என்று அண்ணன் வீட்டில் சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் முதல் பெஞ்சு டீச்சரின் பின்னாலேயே போனாள். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்களுக்கு ஆறுதலும் சொல்ல வேண்டும் என்று கூட்டத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மாடிப்படி அருகே, வகுப்பு மாறுகிற நேரத்து நெரிசலில், மெதுவாகத்தான் சொன்னாள்.

“டீச்சர், கவலைப்படாதீங்க. சார் கண்டிப்பா வீட்டுக்குத் திரும்பி வருவாரு. நாங்க நாப்பது பேரு ஜெபிக்கிறோம்.”

டீச்சர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். “நன்றிம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய் நாற்பத்தைந்து நிமிஷம் முக்கோணம் நடத்தினார். மதியம் ஆய்வகத்துக்கு வரவில்லை. புதன்கிழமை அவர் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் பெரிதாக 2 − 1 = 1 என்று எழுதியிருந்தது. கடைசி வரிசையில் சிரிப்பை அடக்கும் சத்தம். டீச்சர் துடைப்பானை எடுத்துப் பலகை முழுவதும் துடைத்தார். வியாழக்கிழமை மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம். தலைமையாசிரியை சும்மா இருப்பாரா? வெள்ளிக்கிழமை முதல் பெஞ்சு அவர் அறையில் நின்றாள். அவள் அப்பா பஸ் டிரைவர். சீருடையைக்கூட மாற்றாமல், ஒரு டிரிப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். உனக்கு யார் சொன்னது என்று தலைமையாசிரியை எத்தனை விதமாகக் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. தாளின் தலைப்பில் ‘அந்தரங்கம்’ என்று இருந்ததை அந்தச் சபையிலேயே மதித்த ஒரே ஜீவன் அவள்தான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கணக்கு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பத்து நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மதியம் அவளும் நாலைந்து பேரும் மாடிப்படிக்குக் கீழே நின்று ஜெபிப்பதும் அன்றோடு நின்றது. அப்பா மகளை அடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தார்.

அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவர் லேப் அண்ணன். போட்டுவிட்டு நழுவப் பார்த்தார்.

“அண்ணா, நீங்களும் அந்தச் சபைதானே?” என்றார் தலைமையாசிரியை. “இது எங்கேருந்து கிளம்பியிருக்கும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

முதல் பெஞ்சு அண்ணனைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். அவர் சொல்லிவிடுவார் என்று அவள் முகத்தில் அத்தனை நிச்சயம்.

“விசாரிக்கிறேன் மேடம்” என்றார் அண்ணன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாக்குக் கொடுத்தபடி அவர் விசாரித்தார். அந்த விசாரணைக் குழுவில் உறுப்பினர் அவர் ஒருவர், சாட்சி அவர் ஒருவர், எதிரி அவர் ஒருவர். நகல் எடுத்த கடைக்காரர் பரப்பியிருக்கலாமே என்று குழு முதலில் யோசித்தது. பெண்கள் ஐக்கியத்தின் மேல் வலுவான சந்தேகம் இருந்தது. டீச்சரே வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாரா என்றும் ஒரு கோணம் பார்க்கப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் அண்ணனுக்கு முகம் சுட்டது. சனிக்கிழமைக் கூட்டத்தைத் தலைவலி என்று ரத்து செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அவரை எழுப்பி நிறுத்தி, மாணவர் ஜெப இயக்கத்துக்காக அவர் படும் பாட்டைச் சொல்லிச் சபையைக் கைதட்டவைத்தார். மூன்றாவது வரிசையில் பஸ் டிரைவர் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்திருந்தார். அவர்களும் கைதட்டினார்கள். முதல் பெஞ்சும் தட்டினாள். அண்ணனுக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. சபைத் தரைக்குப் போன வருஷம்தான் நல்ல கனமான டைல்ஸ் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் அவர் தலைமையாசிரியையின் மேசையில் அந்தத் தாளை வைத்தார். “நான்தான் மேடம். எழுதினதும் நான், படிச்சதும் நான். அந்தப் பொண்ணு நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செஞ்சா.”

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து படித்தார். ஏழாவதுக்கு நேராகப் போயிருக்கலாம். அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். மூன்றாவதில் நின்றார்.

“இந்தக் கடினமான இருதயம் நான்தானே?”

“ஆமா மேடம்.”

“எத்தனை வாரமா ஜெபிக்கிறீங்க?”

“அஞ்சு வாரம் மேடம்.”

“இளகிச்சா?”

தலைமையாசிரியை ஏழாவதையும் படித்து முடித்து, தாளை நாலாக மடித்தார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே வகுப்புக்குப் போகலாம் என்றார். அண்ணனுக்கு எழுத்தில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். அதெல்லாம் பிற்பாடு. “முதல்ல அவங்ககிட்ட போங்க. பன்னிரண்டாம் வகுப்புல தனியா இருக்காங்க.”

வகுப்பில் டீச்சர் ஜன்னலோரம் நின்று பரீட்சைத் தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலிலேயே நின்று சொன்னார். சொல்ல வேண்டியதைக் கோர்வையாகத் தயாரித்து வந்திருந்தார். அதில் நல்ல எண்ணத்தில் செய்தது என்ற வாக்கியம் இரண்டு இடத்தில் வருவதாக ஏற்பாடு. ஒன்றும் வரவில்லை. “தப்பு பண்ணிட்டேன் டீச்சர்” என்பதோடு நின்றுவிட்டது.

டீச்சர் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். “எங்கம்மாவுக்கு நேத்து யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. ஜெபிக்கத்தான் சொல்றோம்னாங்களாம்.”

அண்ணன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“அன்னைக்கு எனக்காக ஜெபம் பண்றேன்னு சொன்னீங்களே” என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். “பண்ணீங்களா?”

அண்ணன் ஆமா என்று சொல்ல வாயெடுத்தார். செவ்வாய்க்கிழமை என்ன செய்தார்? மிச்சக் குடுவைகளைக் கழுவினார். புதன், வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி, தாளில் எழுதினார். நகல் எடுத்தார். சனி, நிறுத்தி நிதானமாக வாசித்தார், நாற்பது பேரிடம் ஆமென் வாங்கினார். வாங்கினவுடன் எட்டு மணிக்குள் அறையைப் பூட்ட வேண்டும் என்று நாற்காலி அடுக்கப் போய்விட்டார். எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். நடுவில் எங்கேயாவது கண்ணை மூடி இந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாரா என்று தேடினார்.

“இல்ல டீச்சர்” என்றார்.

டீச்சர் தலையசைத்தார், கணக்குக்கு எதிர்பார்த்த விடைதான் வந்தது என்பதைப் போல. பிறகு தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டு, மாற்றல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். “பசங்களுக்குப் பரீட்சை இருக்கு. அதுக்காக இருக்கேன். உங்களுக்காக இல்ல.” வாசலைக் கடக்கும்போது, அந்தப் பெண்ணைக் காலைக் கூட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றார், அவளாவது பண்ணியிருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை தாள் இல்லை. அண்ணன் நடந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னார். பெயரோ பாடமோ சொல்லவில்லை என்றாலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்காக ஜெபிப்பதை விட்டுவிட வேண்டாம், நான் செய்த மாதிரி செய்ய வேண்டாம் என்றார். அம்மாக்கள் வந்த வேகத்தில் குறைந்துபோனார்கள். அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். இயக்கம் சோர்ந்துவிட்டதே என்று பாஸ்டருக்குக் கவலை.

மதியத்தில் ஜன்னலோர ஸ்டூல் காலியாகவே இருந்தது. டீச்சர் இரைச்சலிலேயே தாள் திருத்தினார். வராந்தாவில் எதிர்ப்பட்டால் அண்ணனுக்கு ஒரு தலையசைப்பு, வாட்ச்மேனுக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் சுருக்கமாக. அதை அவர் ஒவ்வொரு தடவையும் நின்று வாங்கிக்கொண்டார்.

காலையில் வகுப்பறைகளைத் திறக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் இப்போது கொஞ்சம் நிற்கிறார். உதடு அசையாது. நாற்பது பேர் முன்னால் தண்ணீர்பட்ட பாடாக வருகிற வார்த்தைகள் அங்கே வருவதில்லை. சில நாள் கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டுப் போவதும் உண்டு. ஒரு நாள் சீக்கிரம் வந்த முதல் பெஞ்சு பன்னிரண்டாம் வகுப்பு வாசலில் அவரைப் பார்த்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணை மூடுவதற்கு முன், பழக்கத்தில், மெல்லக் கேட்டாள்.

“யாருக்காகண்ணா?”

அண்ணனுக்குக் காது மடல் சிவந்தது. பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு தானும் கண்ணை மூடிக்கொண்டாள்.